மூட்டு மருத்துவர் ஜான் சார்ன்லி

மனிதன் நிற்கவும் நடக்கவும் குனியவும் நிமிரவும் துணைசெய்வன அவன் உடலிலுள்ள மூட்டுகள். அவை செவ்வனே இயங்கும்வரை நாம் அவற்றை நினைப்பதும் இல்லை. அவற்றுள் ஒன்று பழுதுற்றாலோ, நம் உலகமே சுருங்கிவிடுகிறது. படுக்கையினின்று எழுவது அரிய செயலாகிறது; நான்கு படி ஏறுவது மலையேற்றம் ஆகிறது; இரவில் உறக்கமும் தொலைகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, இடுப்பு மூட்டுத் தேய்ந்த முதியோர் பலருக்கு ஊன்றுகோலும் நாற்காலியுமே புகலாய் இருந்தன. அந்நிலையை மாற்றி, அவர்கள் மீண்டும் நடமாட வழிகண்டவர் சர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர். அவர் எய்திய வெற்றி பெரிது. அவ்வெற்றிக்கு முன்னர் அவர் கண்ட தோல்வியோ அதனினும் பெரிது. அத்தோல்வியை அவர் எதிர்கொண்ட முறையே அவர் வரலாற்றில் நாம் சிறப்பாகக் கற்கத்தக்கது.

இங்கிலாந்தின் வடமேற்கில் இலங்காஷயர் என்னும் பகுதி உள்ளது. அது பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள பரி என்னும் ஊரில், 1911 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள் சார்ன்லி பிறந்தார். தந்தையார் மருந்துக் கடை நடத்தி வந்தார். தாயார் செவிலியாகப் பயிற்சி பெற்றவர். இவ்வாறு நோயும் மருந்தும் பற்றிய பேச்சு நாளும் நிகழ்ந்த இல்லத்தில் சார்ன்லி வளர்ந்தார். உள்ளூர்ப் பள்ளியிற் கல்வி முடித்தபின், மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1935 இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, இருபத்தைந்து அகவை நிரம்புமுன் அல்லது நிரம்பிய அணித்தே, அறுவை மருத்துவர் கழகத்தின் உயர்தேர்விலும் வென்றார்.

1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு சார்ன்லி படை மருத்துவப் பிரிவிற் சேர்ந்தார். பின்னர் எகிப்து நாட்டின் கெய்ரோ நகருக்கு அனுப்பப்பெற்றார். எலும்பு முறிந்த வீரர்கள் நாள்தோறும் அங்கு வந்து குவிந்தனர். அவர்கட்கு வேண்டிய கட்டைகளும் தாங்கிகளும் போதிய அளவில் கிட்டவில்லை. சார்ன்லி வாளாவிருக்கவில்லை, படைக் கம்மியர்களுடன் கூடிப் பட்டறையில் அமர்ந்து, வேண்டிய கருவிகளைத் தாமே வகுத்துச் செய்வித்தார். மருத்துவரின் அறிவும் கம்மியரின் கைத்திறனும் ஒன்றுபட்டால் அரியன செய்யலாம் என்பதை அவர் அங்கே உணர்ந்தார். பிற்காலத்தில் தம் இல்லத்திலேயே கடைசல் பொறி ஒன்றை அமைத்துக்கொண்டு உழைக்கலானார்.

போர் முடிந்து தாயகம் திரும்பியபின், ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரிலிருந்த எலும்பு மருத்துவமனையில் 1946 இல் சில திங்கள் பணியாற்றினார். ஓரிடத்து எலும்பை எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டினால் அது எவ்வாறு வளர்கிறது என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அதனைப் பிறர் உடலில் ஆராய அவர் மனம் ஒப்பவில்லை. தம் காலெலும்பினின்றே ஒரு துண்டை எடுத்து ஒட்டுமாறு உடன் பணியாற்றிய மருத்துவரை வேண்டினார். அவ்வாறே செய்யப்பட்டது. ஆனால் புண்ணிற் சீழ் பிடித்தது; மேலும் அறுவை செய்துகொள்ளும் துன்பம் அவருக்கு நேர்ந்தது. இச்செயலைத் துணிவு என்பாரும் உளர். அடாத துணிவு என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஆய்வின் இடரைத் தாம் ஏற்கவேண்டும் என்னும் இயல்பு அவரிடம் இளமையிலேயே வேரூன்றியிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

1947 இல் மான்செஸ்டர் அரசர் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக அமர்ந்தார். முறிந்த எலும்புகளை அறுவையின்றிக் கட்டுப்போட்டுக் குணப்படுத்தும் முறை பற்றி 1950 இல் அவர் எழுதிய நூல் பல நாட்டு மருத்துவர்க்கும் கைநூலாய் விளங்கிற்று. இங்ஙனம் புகழ்பெற்று வந்த காலத்திலேதான் அவர் கருத்து இடுப்பு மூட்டின்மீது சென்றது.

இடுப்பு மூட்டின் அமைப்பை ஈண்டுச் சிறிது அறிதல் வேண்டும். தொடையெலும்பின் தலை பந்து போன்றது. அது இடுப்பெலும்பிலுள்ள குழியிற் பொருந்திச் சுழல்கிறது. பந்தின்மேலும் குழியினுள்ளும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. இடையே சிறிதளவு நீர் மசகுபோல் நின்று உதவுகிறது. இதனால் அங்கு உராய்வு மிகமிகக் குறைவு. முதுமையாலோ வாத நோயாலோ குருத்தெலும்பு தேய்ந்தழிந்தால், எலும்போடு எலும்பு உரசும். பொறுத்தற்கரிய நோவு உண்டாகும்.

இந்நோய்க்கு மருத்துவர் பலர் பலவழி கண்டனர். சிலர் மூட்டையே அசையாதபடி இறுக்கி ஒட்டினர். அதனால் நோவு நின்றது. ஆனால் மூட்டின் இயக்கமும் நின்றது. பாஸ்டன் நகரத்து ஸ்மித் பீட்டர்சன் தேய்ந்த பந்தின்மேல் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்தார். இலண்டனில் பிலிப் வைல்ஸ் 1938 இல் பந்தையும் குழியையும் உலோகத்தாற் செய்து பொருத்தினார். பாரிசு நகரத்து ஜூதே உடன்பிறப்பினர் 1946 முதல் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளாற் பந்து செய்து பொருத்தினர். இவற்றாற் சிலர் சிலகாலம் பயன்பெற்றனர். ஆயினும் நெடுநாள் நின்று பயன்தரும் முறை எதுவும் அமையவில்லை.

அந்நாளில் அக்ரிலிக் பந்து பொருத்தப்பட்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் அசையுந்தோறும் அவர் இடுப்பு கிறீச்சிட்டது. அவ்வோசையைப் பொறாமல், அவர் மனைவியார் அவரோடு ஒரே அறையில் இருப்பதையும் தவிர்த்து வந்தாராம். பிறர் இதனை நகைத்து விட்டிருப்பர். சார்ன்லியோ அவ்வோசையின் காரணத்தை ஆராய்ந்தார். எண்ணெயில்லாத வண்டி அச்சு ஒலிப்பதேன்? உராய்வு மிகுதியால் அன்றோ? செயற்கைப் பந்துக்கும் குழிக்கும் இடையேயும் உராய்வு மிகுந்திருக்கவேண்டும். உராய்வு மிகுந்தால், அசைவுதோறும் பந்து தான் பதிந்த எலும்பை அசைத்து இளக்கும். எனவே, உராய்வு குறைந்த மூட்டே நிலைக்கும் மூட்டு என்பது அவர் கண்ட முடிபு.

அம்முடிபினின்று மூன்று கருத்துகள் தோன்றின. முதலாவது, உராய்வு குறைந்த பொருளைத் தேர்தல். இரண்டாவது, பந்தைச் சிறிதாக்குதல். தடித்த அச்சில் சுழலும் கதவு முரண்டும். மெல்லிய முளையிற் சுழலும் கதவு விரல் பட்டாலும் திறக்கும். அதுபோலச் சிறிய பந்து குழியை மிகுதியாக இழுத்து அசைக்காது. ஆதலின் இயற்கைப் பந்தினும் மிகச் சிறிதாக, ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுப் பந்தை அவர் முடிவில் அமைத்தார். மூன்றாவது, செயற்கை உறுப்பை எலும்பில் உறுதியாக நிறுத்துதல். பல் மருத்துவர் ஆண்டுவந்த அக்ரிலிக் சாந்தினை, டென்னிஸ் ஸ்மித் என்னும் வேதியல் அறிஞரின் துணையோடு இதற்குப் பயன்படுத்தினார். கொத்தர் கல்லுக்கிடையே சாந்திட்டு இடைவெளியை நிரப்புவதுபோல, அச்சாந்து உறுப்புக்கும் எலும்புக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பி உடற்பளுவைப் பரவச்செய்தது.

குழிக்கு ஏற்ற பொருளாக அவர் தேர்ந்தது டெப்லான். அது வெண்ணிறமுடையது, மிக வழுக்குவது, உடலின் நீர்களால் அரிக்கப்படாதது. 1958 முதல் டெப்லான் கொண்டு அறுவைகள் செய்யத் தொடங்கினார். பயன் வியக்கத்தக்கதாய் இருந்தது. பல்லாண்டு நோவால் வாடியவர் சில கிழமைகளில் நோவின்றி நடந்தனர். 1961 இல் இப்புதிய அறுவையைப் பற்றி 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் சார்ன்லி கட்டுரை எழுதினார். அவ்வாண்டிலேயே, விகன் நகரை அடுத்த ரைட்டிங்டன் என்னுமிடத்தில், முன்னர்க் காசநோய் மருத்துவமனையாய் இருந்த வளாகத்தில், இடுப்பு மூட்டுக்கென்றே தனி மருத்துவ நிலையம் அவர் தலைமையில் உருப்பெற்றது. புகழ் அவரை நாடி வந்தது.

ஆனால் காலம் வேறு தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்ததும், நலமுற்றுச் சென்றவர் ஒருவர்பின் ஒருவராக நோவோடு திரும்பி வந்தனர். எக்ஸ் கதிர்ப் படங்களில் எஃகுப் பந்து டெப்லான் கிண்ணத்தைத் துளைத்துச் செல்வது தெளிவாய்த் தெரிந்தது. டெப்லான் வழுக்கும் பொருளேயன்றி, தேய்வைத் தாங்கும் பொருளன்று. தேய்ந்த துகள்களை உடல் ஏற்கவில்லை, மூட்டைச் சுற்றிக் கட்டிகள் தோன்றின, எலும்பு கரைந்தது, உறுப்புகள் இளகின. கண்ணாடி முதலியன கலந்து டெப்லானை வலுவாக்கியும் பயனில்லை. ஏறத்தாழ முந்நூறு பேர் இம்மூட்டைத் தாங்கியிருந்தனர்.

மாணவர்களே, அம்மருத்துவரின் உள்ளம் அப்போது பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். ஏட்டிற் கணக்குத் தவறினால் அழித்து எழுதலாம். உடலிற் கணக்குத் தவறினால் என் செய்வது? அவரை நம்பித் தம் உடலை ஒப்புவித்தவர் முந்நூற்றுவர். அவருட் பெரும்பாலோர் மீண்டும் கத்தியின்கீழ்ப் படுக்க நேர்ந்தது. நோக்கம் நல்லதாயினும் அவர் துன்பம் துன்பமே. நெடுநாட் சோதனைக்கு உட்படுத்தாத பொருளை அத்தனை பேர்க்குப் பொருத்தியது சார்ன்லியின் பிழை என்பதை மறைத்தற்கில்லை. அவரும் அதனை மறைக்கவில்லை. குறையை நோயாளியின் உடல்மீதோ வினைமீதோ அவர் சுமத்தவில்லை. தாம் போற்றி எழுதிய பொருள் தீங்கு செய்தது என்பதைத் தாமே வெளிப்படையாக உலகிற்கு உரைத்தார். பழுதுற்ற மூட்டுகளை அகற்றும் மறு அறுவைகளையும் தாமே முன்னின்று செய்தார்.

மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு உறுப்புகள் கூறுவர் நம் முன்னோர். இங்கும் நான்காம் உறுப்பாய் ஒருவர் வாய்த்தார். அவர் பெயர் ஹாரி கிரேவன். அவர் மருத்துவர் அல்லர். ரைட்டிங்டனிற் பணிசெய்த கம்மியர். பொருள்களின் தேய்வை அளக்கும் பொறியொன்றை அவர் அமைத்திருந்தார். 1962 ஆம் ஆண்டு மேத் திங்களில் விற்பனையாளர் ஒருவர் புதுவகைப் பாலித்தீன் துண்டொன்றைக் கொண்டுவந்தார். இலங்காஷயர்த் தறிகளின் பற்சக்கரங்களுக்கு ஆகும் பொருள் அது. சார்ன்லி அதனை நகத்தாற் கீறிப் பார்த்து, பயனற்றது என்று ஒதுக்கிச் சென்றுவிட்டார். கிரேவனோ அதனை எறியவில்லை. தலைவர் கோபன்ஹேகன் நகருக்குச் சென்றிருந்த வேளையில், அதனைப் பொறியிற் பூட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று கிழமை ஓடியும் அது தேய்ந்த அளவு, டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவினும் குறைவாய் இருந்தது. திரும்பி வந்த சார்ன்லி அதனைக் கண்டார். தம் முடிவு தவறென உணர்ந்தார். கம்மியரின் முடிவை ஏற்றார். தமக்குக் கீழ்ப் பணிசெய்வார் கண்ட உண்மையைத் தயங்காது ஏற்றலும், அதனைப் பின்னர் எழுத்திலும் ஒப்புதலும் பெரியோர்க்கே இயலும்.

தேய்வு குறைவு என்பது மட்டும் போதுமோ? அப்பொருளின் துகளை உடல் ஏற்குமா என்பதும் தெரியவேண்டும். டெப்லான் தந்த பாடத்தை அவர் மறக்கவில்லை. டெப்லான் துண்டுகளையும் பாலித்தீன் துண்டுகளையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். ஒன்பது திங்கள் கழிந்தபின், டெப்லான் இருந்த இடங்களிற் கட்டிகள் கைக்குத் தட்டுப்பட்டன. பாலித்தீன் இருந்த இடத்தில் ஒன்றும் தோன்றவில்லை. இம்முடிபை அவர் 1963 இல் அதே லான்செட் இதழில் வெளியிட்டு, டெப்லானைப் பற்றிப் பிற மருத்துவரை எச்சரித்தார். முன்பு டெப்லானைப் புகழ்ந்த அதே இதழில் அதன் தீமையை எழுதியதே அவர் நேர்மைக்குச் சான்றாகும்.

பாலித்தீன் கிண்ணத்தை முதன்முதலாக 1962 நவம்பரில் நோயாளிக்குப் பொருத்தினார். விளைவு நன்றாகவே இருந்தது. ஆயினும் இம்முறை அவர் முரசறையவில்லை. தம் நோயாளிகளைத் திரும்பத் திரும்ப வரவழைத்து, நோவு, நடை, அசைவு மூன்றையும் குறித்து, படம் பிடித்து அளந்து பதிவு செய்தார். 1965 இறுதிவரை செய்த அறுவைகளின் பயனை, நான்கு முதல் ஏழாண்டு காத்திருந்து கண்டபின், 1972 இல் விரிவாக வெளியிட்டார். இடையே பல நாட்டு மருத்துவர் இம்மூட்டை வேண்டினர். வாணிகத்தார்க்கும் ஆவல் மிகுதி. சார்ன்லியோ, ரைட்டிங்டனுக்கு வந்து அறுவையை நேரிற் கற்றோர்க்கன்றி அதனை விற்கலாகாது எனப் பல்லாண்டு தடுத்துவைத்தார். நல்ல கருவியும் பழகாத கையிற் கேடு செய்யும் என்பது அவர் கருத்து. இதனால் அவரைப் பிடிவாதக்காரர் என்று குறைகூறியவரும் இருந்தனர்.

வேறோர் இடரும் அவரை வருத்திற்று. அறுவைக்குப்பின் புண்ணிற் சீழ் பிடித்தால் மூட்டையே அகற்ற நேரும். தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்க்கு இத்துன்பம் நேர்ந்தது. காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களே காரணம் எனக் கருதிய சார்ன்லி, ஆலைகளுக்குக் காற்றுப் பொறி அமைக்கும் ஹோவொர்த் என்பவரின் உதவியை நாடினார். அறுவை மேசையைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு போன்ற அறை அமைத்து, வடிகட்டிய தூய காற்றை மேலிருந்து பாய்ச்சினார். மருத்துவர் விடும் மூச்சும் நோயாளிமேற் படாதவாறு, அதனைக் குழாய்வழி வெளியேற்றும் தலையங்கியையும் உடையையும் வகுத்தார். இவற்றாலும் பிற முறைகளாலும் அத்துன்பம் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவுக்குக் குறைந்தது. இன்று பல நாட்டு அறுவைக் கூடங்களிற் காணும் தூய காற்று அமைப்பிற்கு அவர் முயற்சி ஒரு முன்னோடி.

ஒரு மூட்டின் முழுவரலாறு அதனைத் தாங்கியவர் வாழ்நாளோடுதான் முடியும். ஆகவே, தாம் இறந்தபின் மூட்டை எடுத்து ஆராயலாம் என நோயாளிகளிடம் முன்னரே இசைவு கேட்டார். பலர் மனமுவந்து இசைந்தனர். தம்மை நடக்கச் செய்த மருத்துவர்க்கு, பின்வருவோர் பயனுறும் பொருட்டு, அந்த எளிய மக்கள் அளித்த கொடை அது. கேட்டுப் பெற்ற இசைவு என்பதால் அக்கொடை இருவர்க்கும் பெருமை தருவதாயிற்று.

சார்ன்லியை நாடிப் பல சிறப்புகள் வந்தன. 1974 இல் அமெரிக்க நாட்டின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1975 இல் அறிவியலார் போற்றும் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1977 இல் அரசியார் 'சர்' பட்டம் வழங்கினார். தம் வாழ்நாள் ஆய்வைத் தொகுத்து 1979 இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1982 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள், எழுபத்தொன்றாம் ஆண்டு நிறைவெய்தச் சில நாட்களே எஞ்சியிருக்க, அவர் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தபின்னும் அவர் தொடங்கிய ஆய்வு நிற்கவில்லை. பாலித்தீன் துகளும் நெடுங்காலத்தில் எலும்பைக் கரைக்கக்கூடும் என்பது பின்னர் அறியப்பட்டது. அதனினும் தேய்வு குறைந்த பாலித்தீன் வகைகள் 1990 ஆம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து வழக்கிற்கு வந்தன. உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இடுப்பு மூட்டுகள் மாற்றப்படுகின்றன. ஆயினும் பழைய பிழை மீண்டும் நிகழாமல் இல்லை. உலோகத்தோடு உலோகம் உரசும் புதுவகை மூட்டொன்று போதிய காலம் ஆராயப்படாமலே பல்லாயிரவர்க்குப் பொருத்தப்பட்டது. அதன் துகளால் தீங்கு நேர்ந்தமையின், 2010 இல் அது திரும்பப் பெறப்பட்டது. அத்தீங்கை உலகிற்கு வெளிப்படுத்தத் துணைசெய்தவை மூட்டுப் பதிவேடுகளாகும். சுவீடன் நாட்டில் 1979 லும் இங்கிலாந்தில் 2003 லும் தொடங்கிய இப்பதிவேடுகள், பொருத்தப்படும் மூட்டு ஒவ்வொன்றையும் குறித்து அதன் பின்விளைவைத் தொடர்ந்து நோக்குகின்றன. ரைட்டிங்டனில் ஒரு மருத்துவர் தம் நோயாளிகளுக்குச் செய்ததை, இன்று நாடுகள் தம் மக்கள் அனைவர்க்கும் செய்கின்றன.

அறிவு ஒன்றே ஒருவரைப் பெரியவர் ஆக்குவதில்லை. சார்ன்லி பிழை செய்தார். அதனை மறையாது உரைத்தார். அதன் பயனாய்த் துன்புற்றோரைக் கைவிடாது காத்தார். மீண்டும் அப்பிழை நேராவண்ணம் பொறுமை பூண்டார். அறுவை முடிந்த அன்று நோயாளி புன்னகைத்தால் அது வெற்றியாகாது. பத்தாண்டு கழிந்தும் அவர் நோவின்றி நடந்தால்தான் வெற்றி என்று அவர் கொண்டார். எத்தொழில் செய்வார்க்கும் இது பொருந்தும். நாம் செய்த செயல் பிறர்க்கு என் பயன் தந்தது என்று திரும்பிச் சென்று பார்க்கும் உள்ளம் வேண்டும். அவ்வுள்ளம் உடையாரே உலகிற்கு உண்மையான பயன் விளைப்பர்.